இடைவேளைக்குப் பிறகு இரண்டு கூட்டம்

2010 பொங்கல். தஞ்சாவூரில் ஒரு தியேட்டர், மாலைக் காட்சி. மாமா, மாமா பையன், நான். படம் செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. பாலைவனத்தில் புதைமணல். எங்கே கால் வைத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. திடீரென்று நடராஜரின் உருவம் மண்ணில் நிழலாக விழுகிறது. அந்த நிழல் விழுந்த இடம் மட்டும் கெட்டியான தரை. நிழல் நகர்வதற்குள் ஆண்ட்ரியாவும் ரீமா சென்னும் கார்த்தியும் அதன் மேலேயே ஓடித் தப்பிக்க வேண்டும். தியேட்டர் முழுக்க விசில். மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, "பாத்தியாடா, நம்ம தில்லை அம்பலத்தான் வழி காட்டுறான்" என்றார். இடைவேளையில் முறுக்கும் டீயும் வாங்கித் தந்தார். தமிழில் இப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து அரைமணி நேரம் போயிருக்கும். சத்தம் மாறியது. விசில் அடித்த பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள், அப்புறம் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் ஒரு குடும்பம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனது. அதே நேரம் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் இரண்டு கையையும் நாற்காலியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். மாமா எழுந்தார். "நான் வெளிய நிக்குறேன். நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். படம் விட்டு வந்தபோது வண்டி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். வீடு வரும்வரை அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சோழனை இப்படியாடா காட்டுவான்?"

பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு படம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது என்றால் என்ன நடக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டி ஸ்டாண்ட்தான் ஞாபகம் வருகிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே முறுக்கைத் தின்ற இரண்டு பேர். ஒருவருக்கு வாழ்நாளில் மறக்க முடியாத படம், இன்னொருவருக்கு அவமானம். இருவரில் யாருக்கும் ரசனை குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. மாமா 'உதிரிப்பூக்கள்' பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்திரிகைகளில் 'கலவையான விமர்சனம்' என்று எழுதுவார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகளைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். பத்துப் பேர் பார்த்து, பத்துப் பேரும் 'பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்' என்று பத்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டால் சராசரி ஐந்து. ஐந்து பேர் ஒன்பதும் மற்ற ஐந்து பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி அதே ஐந்துதான். முதல் படம் அடுத்த வாரமே மறந்துபோகும். இரண்டாவது படத்தைப் பற்றி இருபது வருடம் கழித்தும் கல்யாண வீட்டில் சண்டை நடக்கும். நான் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்.

அந்த வகைப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்ததில் தெரிந்துகொண்டது, பிளவு படம் முழுக்கப் பரவலாக இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடக்கிறது. அதுவரை எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அந்த இடத்தில் படம் தான் கொடுத்த வாக்கை மாற்றுகிறது. மாற்றியதை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு பக்கம், ஏமாற்றம் என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம். தியேட்டரில் இருந்தால் அந்த இடத்தைக் காதால் கேட்கவே முடியும்.

வாக்கு என்று எதைச் சொல்கிறேன்? நம் ஊரில் படம் பார்க்க உட்காரும்போது யாரும் வெறும் மனதோடு உட்காருவதில்லை. போஸ்டர் ஒன்று சொல்லியிருக்கிறது. நடிகரின் முந்தைய படம் ஒன்று சொல்லியிருக்கிறது. பாட்டு முன்கூட்டியே வந்து ஒன்று சொல்லியிருக்கிறது. வெளியாகும் நாளும் பேசும். பொங்கல், தீபாவளி என்றால் வீட்டோடு வரலாம், சிரித்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். 'ஆயிரத்தில் ஒருவன்' கொடுத்த வாக்கைப் பாருங்கள். பெயரே 1965-இல் பி.ஆர். பந்துலு இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த கடல் சாகசப் படத்தின் பெயர். கார்த்திக்கு 2007-இல் வந்த 'பருத்திவீரன்' முதல் படம், இது இரண்டாவது. மூன்று வருடக் காத்திருப்பு. 'உன்மேல ஆசைதான்' பாட்டு டீக்கடை டீக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாதி இந்த வாக்கை அப்படியே காப்பாற்றியது. கப்பல், தீவு, காட்டுமிராண்டிக் கூட்டம், பாம்பு, புதைமணல் என்று பொறிக்கு மேல் பொறி. துறைமுகக் கூலித் தலைவனாகக் கார்த்தியின் நக்கல் பேச்சு. புதையல் வேட்டைப் படத்துக்கு உரிய எல்லாமே இருந்தன.

பிறகு சோழர்கள் வருகிறார்கள். புதையல் இல்லை, பொன் இல்லை. கி.பி. 1279-இல் பாண்டியரிடம் தோற்று, இளவரசனைக் காப்பாற்றி எங்கோ அனுப்பிவைத்த கூட்டத்தின் வாரிசுகள், குகையிலும் இடிபாடுகளிலும் பட்டினி கிடக்கிறார்கள். தாய்மண்ணிலிருந்து தூதுவன் வருவான், தஞ்சைக்குத் திரும்பிப் போகலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். பார்த்திபன் அவர்களின் அரசன். அவன் பேசும் தமிழ் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அதுவரை நாயகனாக இருந்த கார்த்தி ஓரத்துக்குப் போய்விடுகிறார். அதுவரை நம் பக்கத்து ஆளாக இருந்த ரீமா சென் எதிரியாக மாறுகிறார். நமக்குக் கைதட்டப் பழக்கமான ராணுவம் வந்து செய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. படம் புதையல் வேட்டையிலிருந்து ஓர் இனத்தின் ஒப்பாரியாக மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஒரு பாலம்கூடப் போடாமல் செல்வராகவன் நம்மை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

'தாய் தின்ற மண்ணே' பாட்டு வரும் இடத்தைச் சொல்ல வேண்டும். வைரமுத்துவின் வரிகள், ஜி.வி. பிரகாஷின் இசை. அரசன் தன் மக்களின் பசியையும் தஞ்சையின் நினைவையும் பாடுகிறான். தஞ்சாவூரில் உட்கார்ந்து அதைக் கேட்பது வேறு அனுபவம். அவன் ஏங்குகிற ஊரில்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். தியேட்டரை விட்டு வெளியே வந்தால் பஸ் ஏறி இறங்குகிற ஊர், கொசுக்கடி, சாக்கடை, வெற்றிலைக் கடை எல்லாம் உள்ள ஊர். அதை எழுநூறு வருடமாக ஒருவன் கனவில் வைத்திருக்கிறான் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே பாட்டுக்கு நடுவில்தான் மாமா எழுந்து போனார். அவருக்கு அது வேறு மாதிரிப் பட்டது. தினமும் பெரிய கோயில் வாசல் வழியாக வேலைக்குப் போனவர் அவர். ராஜராஜன் என்றால் அந்த விமானம். 1010-இல் குடமுழுக்கு நடந்த கோயிலுக்கு அந்த ஆண்டோடு ஆயிரம் நிறைகிறது. செப்டம்பரில் அரசே விழா எடுத்தது. அப்படிப்பட்ட வருடத்தின் பொங்கலன்று கரிபூசின உடம்போடு, மனிதர்களை மோதவிட்டுக் கொன்று வேடிக்கை பார்க்கும் கூட்டமாகச் சோழர்களைக் காட்டினால் அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

வேறொரு கூட்டம் அந்தப் பாதியில் வேறொன்றைப் பார்த்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றி வளைக்கப்பட்ட மக்கள், வராத உதவி, சிறைபிடிக்கப்பட்ட பெண்கள், கடலோரத்தில் முடியும் கதை. படப்பிடிப்பு 2007-லேயே தொடங்கிவிட்டது, ஆகவே எல்லாமே அதை வைத்து எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர் கண் 2009-ஐக் கண்டுவிட்டு வந்த கண். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் அன்று அழுதது சோழர்களுக்காக மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இதில் 'புரியல' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிளவுபட்ட படம் எதுவானாலும் வெளியே வருகிறவர்களில் பாதிப்பேர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். படித்தவர்கள் உடனே 'அவர்களுக்கு மூளை இல்லை' என்கிற மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் கோபமே வரும். 'புரியல' என்று நம்மவர்கள் சொல்லும்போது கதை தெரியவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம் இல்லை. 'நான் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை' என்று அர்த்தம். 'அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை என் மனது ஒப்புக்கொள்ளவில்லை' என்று அர்த்தம். சில சமயம் 'எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அப்படிச் சொன்னால் நீ என்னை மட்டமாக நினைப்பாய்' என்றும் அர்த்தம். மாமாவுக்குக் கதை அட்சரசுத்தமாகப் புரிந்தது. புரிந்ததால்தான் எழுந்து போனார்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சிவாஜி கணேசன் என்றால் பக்கம் பக்கமாக வசனம் என்று ஜனம் பழகியிருந்த காலம். இந்தப் படத்தில் அவர் திரையில் வந்தவுடன் சுடப்பட்டுச் சாகிறார். அப்புறம் அவரைக் கொன்றது யார் என்று ஒவ்வொருவர் வாயாலும் கதை விரிகிறது. கடைசியில் தெரிவது, நாயகன் இரண்டாம் உலகப்போரில் ஜப்பானுக்கு ரகசியம் விற்ற தேசத்துரோகி, சுட்டது அவன் மனைவி. பாட்டு கேட்க வந்தவனுக்குப் பாட்டு இல்லை, சிவாஜியைப் பார்க்க வந்தவனுக்குச் சிவாஜி துரோகி. முதலில் சரியாக ஓடவில்லை. தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகு திரும்ப வெளியிட்டார்கள். நான் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். இன்றைக்கும் வேகம் குறையாத படம். பண்டரிபாய் கணவனிடம் கெஞ்சிவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சியில் எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் 1954-இல் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

'அன்பே சிவம்' இன்னொரு விதம். 2003 பொங்கல். இயக்கம் சுந்தர் சி., 'உள்ளத்தை அள்ளித்தா' கொடுத்தவர். கமலுக்கு முந்தைய படம் 'பஞ்சதந்திரம்'. இந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்த எவரும் வயிறு வலிக்கச் சிரிக்கத் தயாராகத்தான் போயிருப்பார்கள். புவனேஸ்வரம் விமான நிலையத்தில் மாதவனும் கமலும் முட்டிக்கொள்ளும் இடம் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. பிறகு ரயில் விபத்து. அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுக்கிறார், ஆனாலும் பையன் பிழைக்கவில்லை. தியேட்டரில் சிரிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அங்கே நெஞ்சில் கல். அந்தப் படம் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போட்டுப் போட்டுத்தான் அது வீட்டுப் படமாக மாறியது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டிப் பார்க்கிறவர் டிக்கெட் எடுக்கவில்லை, பண்டிகைச் சட்டை போட்டுக்கொண்டு வரவில்லை. அவருக்குப் படம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் ஏமாறவும் இல்லை.

இங்கே என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், இதற்காக நண்பர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு 'அன்பே சிவம்' பிடிக்கும், ஆனால் இன்று கொண்டாடப்படும் அளவுக்குப் பிடிக்காது. கமலின் நல்லசிவம் வாயைத் திறந்தால் சரியாகவே பேசுகிறார். ஒரு இடத்தில்கூட அவர் தவறான பக்கம் நிற்பதில்லை. மாதவனின் அன்பரசுக்கு எதிர்வாதம் பேசப் போதுமான சரக்கைப் படம் கொடுக்கவில்லை. அவன் தோற்பதற்கென்றே எழுதப்பட்டவன். 2003-இல் 'பிரசங்கம் பண்றாங்க' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் வெறும் வாயில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் இறந்த பிறகு மாதவன் நிற்கும் நிலையும், கடைசியில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு கமல் சாய்ந்து சாய்ந்து நடந்து போகும் நடையும் எந்தப் பிரசங்கத்தையும் தாண்டி நிற்பவை. படத்தின் ஒரு பகுதிக்கு உயிரையே கொடுப்பேன், இன்னொரு பகுதியில் நெளிவேன். ஒரே ஆளுக்குள்ளேயே கூட்டம் இரண்டாகப் பிரியலாம்.

எல்லாப் பிளவையும் வாக்கு என்ற ஒரே சாவியால் திறந்துவிட முடியாது. தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' 2019 மார்ச் 29-இல் வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் பிணத்தை மறைக்கும் தம்பதி, சுனாமியில் பிழைத்து ஒரு சிலையைக் கடவுளாகப் பிடித்துக்கொண்டவர், திருநங்கையாக வீடு திரும்பும் அப்பா, வேற்றுக்கிரகப் பெண் என்று எங்கெங்கோ போகும் கதை. எங்கள் வீட்டில் அதைப் பார்த்த நான்கு பேரும் நான்கு விதமாகப் பேசினோம். அக்காவுக்கு ஆரம்பக் காட்சியே அருவருப்பு. எனக்கு அது கொண்டாட்டம். ஒவ்வொரு சட்டகத்தின் மூலையிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறுவன் ராசுக்குட்டி தன் அப்பா புடவையில் வந்து நிற்பதைக் கொஞ்சமும் தயங்காமல் ஏற்றுக்கொள்வான். அந்தக் காட்சியைப் போல மென்மையான ஒன்றைத் தமிழில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அந்த அப்பா, ஷில்பா என்ற பாத்திரம், ஒரு கட்டத்தில் தான் குழந்தைகளைக் கடத்திப் பிச்சை எடுக்கும் கூட்டத்திடம் விட்ட பாவத்தைச் சொல்லி அழும். விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு. திருநங்கையர் பலர் அந்த இடத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். எங்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பொய்யை நீங்களும் சொல்கிறீர்களே என்பது அவர்கள் கேள்வி. நான் முதல் முறை பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. படவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பழி என் மேல் விழுவதில்லை, ஆகவே எனக்கு அது கதையில் ஒரு திருப்பம். பழியைத் தினமும் சுமப்பவருக்கு அது தெருவில் கேட்கும் அதே பேச்சு. 'கலையாகப் பாருங்கள்' என்று அவரிடம் சொல்வது எனக்கு வெட்கக்கேடாகத் தோன்றுகிறது. இரண்டாம் முறை பார்த்தபோது அந்தக் காட்சியில் நான் திரையைப் பார்க்கவில்லை, குனிந்துகொண்டேன். படத்தை இன்னமும் விரும்புகிறேன். அந்த இடத்தை இனி என்னால் ஏற்க முடியாது.

பிளவு எப்படி வேகமாகிறது என்பதற்கு வியாபாரத்திலும் ஒரு காரணம் உண்டு. பிலிம் பெட்டிக் காலத்தில் பெரிய ஊரில் முதலில் ஓடும், பிறகுதான் பெட்டி சின்ன ஊருக்கு வரும், டூரிங் கொட்டகைக்கு வர மாதக்கணக்காகும். அதற்குள் படத்தின் குணம் ஊருக்குத் தெரிந்துவிடும். 'பாட்டு இருக்காது, ஆனா துப்பறியற கதை' என்று யாராவது சொல்லிவைப்பார்கள். கேட்டுக்கொண்டு போகிறவன் அதற்குத் தயாராகப் போவான். டிஜிட்டல் வந்த பிறகு மாநிலம் முழுக்க ஒரே காலையில் ஒரே படம். யாரும் யாருக்கும் சொல்லிவைக்க நேரமில்லை. முதல் காட்சி விட்டதுமே வாசலில் மைக் நீட்டப்படுகிறது. மூன்று மணி நேரம் பார்த்தவர் பத்து நொடியில் சொல்ல வேண்டும். பத்து நொடியில் 'முதல் பாதி ஓகே, ரெண்டாவது பாதி லேக்' என்றுதான் சொல்ல வரும். 'எனக்குள் என்னமோ நடந்தது, இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன்' என்று அங்கே சொல்ல முடியாது. திங்கட்கிழமை கூட்டம் குறைந்தால் காட்சியை வேறு படத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். மெதுவாகப் பிடிக்கும் படம் பிடிப்பதற்குள் தியேட்டரை விட்டே போய்விடும்.

2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. சத்தம் காதைப் பிளக்கிறது என்று ரசிகர்கள் சொல்ல, ஒலி அளவைக் குறைக்கச் சொல்லிவிட்டோம் என்று தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டியிருந்தது. பிறகு தியேட்டர் வளாகத்துக்குள் ரசிகர் கருத்தைப் படம்பிடிக்க விடாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை, அது சரி என்றே நினைக்கிறேன். காசு கொடுத்தவன் வாயைக் கட்ட முடியாது. அவசரமாக வரும் வார்த்தை படத்துக்குக் கெடுதல் செய்கிறது என்பதும் உண்மைதான், ஆனால் அதற்கு மருந்து தடை இல்லை.

2021 டிசம்பர் 31. 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி தியேட்டருக்கு வந்தது. நான் சென்னையில் பார்த்தேன். அரங்கு நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் 2010-இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கக்கூடிய பிள்ளைகள். நடராஜர் நிழல் விழுவதற்கு முன்பே கைதட்டல் தொடங்கிவிட்டது. பார்த்திபன் வாயைத் திறப்பதற்குள் வசனத்தைக் கூட்டமாகச் சொன்னார்கள். 2010-இல் சத்தம் மாறிய அதே இடத்தில் இப்போது எழுந்து நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னமோ உறுத்தலாகவும் இருந்தது. யாருக்கும் இப்போது அதிர்ச்சி இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். படம் மாறவில்லை. அது கொடுக்கும் வாக்குதான் மாறியிருக்கிறது. இப்போதைய வாக்கு, 'அன்று நம் ஆட்கள் மதிக்காத மகத்தான படம்' என்பது.

அதனால்தான் 'காலத்துக்கு முந்தி வந்த படம்' என்ற பேச்சு எனக்கு ஒப்புவதில்லை. அது 2010-இல் எழுந்து போனவர்களை முட்டாளாக்குகிறது, படத்தின் குறைகளுக்கும் வெள்ளையடிக்கிறது. குறைகள் இருக்கின்றன. முதல் பாதியில் பெண்கள் இருவரையும் கார்த்தி பாத்திரம் பேசும் பேச்சு அன்றைக்கும் கூசியது, இன்றைக்கும் கூசுகிறது. கடைசிப் பகுதியில் பெண்கள் மேல் நடக்கும் கொடுமையைக் கேமரா தேவைக்கு மேல் நின்று பார்க்கிறது. வாடுகிற மக்களைக் காட்டக் கரி பூசியது கொஞ்சமும் யோசிக்காமல் செய்த காரியம். இவற்றைச் சொன்னால் இன்றைய ரசிகர்களுக்குக் கோபம் வருகிறது. அன்று பிடித்தது என்று சொல்லப் பயந்தேன், இன்று பிடிக்காத இடத்தைச் சொல்லப் பயப்பட வேண்டியிருக்கிறது.

மறுவாழ்வு எப்போதும் முழுப் படத்துக்கும் கிடைப்பதில்லை என்பதையும் பார்க்கிறேன். 'குணா' 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு ஒரே நாளில் வந்து அதன் நிழலில் போனது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் கொடைக்கானல் குகைக்குள்ளிருந்து 'கண்மணி அன்போடு' வந்ததும் தமிழ்நாடே பாடியது. ஆனால் அந்தப் பாட்டைச் சுற்றி இருக்கும் கதை, மனநலம் குன்றிய ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் அடைத்து வைக்கும் கதை. அதை முழுதாக உட்கார்ந்து பார்த்தால் இன்றும் கூட்டம் இரண்டாகப் பிரியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. குகையில் அந்தப் பாட்டு வரும்போது நெகிழ்ந்துபோகிறேன். நெகிழ்ந்த அடுத்த நிமிடம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவும் தோன்றுகிறது.

மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் 'ஆயிரத்தில் ஒருவன்' ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தார். மாமா ரிமோட்டை எடுத்தார், மாற்றவில்லை. முதல் பாதியில் பேசிக்கொண்டே பார்த்தார். 'தாய் தின்ற மண்ணே' ஆரம்பித்ததும் எழுந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசிவரை இருந்தார். அரசன் சாகிறான், மக்கள் அவனைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போகிறார்கள், கார்த்தி மட்டும் இளவரசனைத் தூக்கிக்கொண்டு தப்பிக்கிறார்.

"கரி பூசினது தப்புதான்" என்றார். "அதை நான் இப்பவும் ஒத்துக்க மாட்டேன்."

"சரி மாமா."

கொஞ்ச நேரம் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அந்தப் புள்ளைய தூக்கிட்டு எங்கடா போவான் அவன்? தஞ்சாவூருக்கா கூட்டியாருவான்?"

"தெரியல மாமா. படத்துல சொல்லல."

"கூட்டியாந்தா எங்க தங்க வைப்பான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.